ஆடு ஏறும் கதவு

நான் ஒரு கதவின் மேல் பாதி ஏறி நின்றுகொண்டிருந்தேன்.

கதவு என்றால் நிஜக் கதவு. நீலம் பூசி, நீலமும் உரிந்து, தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் மிஞ்சிய பழைய வீட்டுக் கதவு. அதை ஒரு குட்டியானையின் பின்தட்டில் சாய்த்துப் போட்டிருந்தார்கள். குட்டியானை என்றால் எங்கள் பக்கத்தில் ஆடு முதல் அலமாரி வரை சுமக்கும் சின்ன லோடு வண்டி.

கதவின் மேல்முனையில் ஒரு கறுப்புக் கிடா நின்று என்னைப் பார்த்தது. வெற்றிலை போட்ட பெரிய மனுஷனைப் போல வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, நடுவுல நிக்காதீய. ஏறுனா ஒரே மூச்சுல ஏறிரணும். ஆடே அப்படித்தான் ஏறும்" என்றார் கீழே நின்ற மாசானம் அண்ணன். வண்டி அவருடையது. ஆடு ஏற்றுவது அவர் தொழில். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். அப்படிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். விட்டால் அந்தக் கைகள் என்னைத் தூக்கிவிடும்.

என் சக்கர நாற்காலியின் விசையை முன்னால் தள்ளினேன். பேட்டரி முனகியது. தடக், தடக், தடக். குளம்பு வழுக்காமலிருக்கக் கதவின் குறுக்கே அடித்திருந்த ஒவ்வொரு கட்டையும் என் முதுகெலும்பில் ஓர் எழுத்தை அச்சடித்தது. பிறகு நான் மேலே இருந்தேன். வெயில் பக்கத்தில் இருந்தது. மேற்கே மலை, யாரோ இப்போதுதான் கொண்டுவந்து வைத்தது போல இருந்தது.

கிடா இரண்டு எட்டுப் பின்வாங்கி எனக்கு இடம் விட்டது.

கேட்காமலே, என்னைத் தொடாமலே, ஒதுங்கி வழிவிட்ட ஜீவனை அன்றுதான் பார்த்தேன்.

கைகளுக்குப் பஞ்சமில்லை

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு என் கால்கள் ஒரு காய்ச்சலில் போன கதை தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு: போயின. அவ்வளவுதான்.

எங்கள் ராஜபாளையத்தில் சாய்தளம் இல்லையே தவிர, கைகளுக்குப் பஞ்சமே கிடையாது. மருந்துக்கடையா? படி. பேங்கா? படி, அதற்கு மேல் ஒரு படி, அதற்கு மேல் ஒரு வாட்ச்மேன். பணம் எடுக்கும் மெஷினா? மெஷினுக்கும் ஒரு மேடை கட்டி அதைச் சாமி போல ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்தப் படிக்கு முன்னால் போய் நின்றாலும், எங்கிருந்தோ ஒரு குரல் வந்துவிடும்.

"ஏலே, நாலு பேரு வாங்கலே. தூக்கிருவோம்!"

வந்துவிடுவார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வருவார்கள். சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டு, அடித்தவனும் அடிபட்டவனும் ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள். நல்ல மனுஷர்கள். அதுதான் சிக்கல். கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

தூக்கப்படுகிறவளுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. சொல்கிறேன். ஆகாயம் தெரியும். அக்குள் தெரியும். வேறொன்றும் தெரியாது.

பேட்டரி வருவதற்கு முன்னால், கையால் தள்ளும் நாற்காலிக் காலத்தில், ஒருநாள் திடீர் மழை. ஒரு கடை ஓரமாக ஒதுங்கினேன். உள்ளேயிருந்து மூன்று பேர் ஓடிவந்தார்கள். ஒருவருக்கு ஒரு கன்னத்தில் நுரை. நான் வாயைத் திறப்பதற்குள் என்னை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். கண்ணைத் திறந்தால் எதிரே பெரிய கண்ணாடி, கண்ணாடிக்குள் நான், என் பின்னால் கத்தரிக்கோலோடு ஒருவர். ஆண்கள் சலூன்.

"என்னக்கா, முடி வெட்டணுமா?" என்று கேட்டார் அவர், மரியாதையாக.

எங்கள் ஆலயத்தில் ஒரு சாய்தளம் கட்டினார்கள். உண்மையிலேயே கட்டினார்கள். அழகாக வந்திருந்தது. அழகாக இருக்கிறதே என்று இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் தொட்டி வைத்தார்கள். பிறகு நடுவிலும் வைத்தார்கள். இப்போது செடிகள் சுகமாக ஏறி இறங்குகின்றன.

பந்தயம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்லையா அண்ணாச்சி என்று ஒருவர் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. பிழை திருத்த ஆள் வேண்டும் என்று அவர் என்னைக் கூப்பிட்டார். நான் எழுதும் வசனக் கவிதைகளை அவர் வாசித்ததில்லை. அதனால்தான் வேலை கொடுக்க முன்வந்தார் என்று நினைக்கிறேன்.

எனக்கு அந்த வேலை வேண்டும். மாசச் சம்பளத்தை விடவும், காலையில் எழுந்து, தலைசீவி, "நேரமாச்சு" என்று சலித்துக்கொள்ளும் உரிமை வேண்டும். நடுவயது வரை நான் எதற்கும் நேரமாகாமலே வாழ்ந்திருக்கிறேன்.

அண்ணன் தானியேல் ஒரே சொல்லில் முடித்தான்.

"வேணாம்."

"ஏண்ணே?"

"யாரு தூக்குவா? எனக்கு மில்லுல ஷிப்டு இருக்கு. அங்கன எவன் எவனோ தூக்குவான். கீழ போட்டா?"

அண்ணன் என்னைத் தூக்க ஆரம்பித்தபோது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. இப்போது அந்த மீசை நரைத்துவிட்டது. தினமும் இரண்டு தடவையாவது தூக்குவான். இடுப்பில் பெல்ட் போட்டிருப்பதைச் சட்டைக்குள் மறைத்திருப்பான். எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

"யாரும் தூக்க வேண்டாம்" என்றேன். "நான் பாத்துக்கிடுவேன்."

"ஏட்டி, கவிதையாட்டும் பேசாத."

அடுப்படியிலிருந்து ரூபி மதினி எட்டிப்பார்த்தாள். எங்கள் வீட்டில் தீர்ப்பெல்லாம் அடுப்படியிலிருந்துதான் வரும்.

"இங்கேருங்க, சும்மா எதுக்கு வாக்குவாதம்? அவ ஒருநா போய்ட்டு வரட்டும். ஸ்ரீவில்லிபுத்தூரு போயி பால்கோவா வாங்கிட்டு, அந்த அச்சாபீசையும் பாத்துட்டு வரட்டும். ஒரு ஆள் கை மேல படக் கூடாது. பட்டுச்சுன்னா வேலைப் பேச்சை விட்டுரணும். படலேன்னா நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"படலேன்னு எப்படித் தெரியும்?" என்றான் அண்ணன்.

"அத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் மதினி, செல்போனை முந்தானையில் துடைத்தபடி.

அண்ணன் சம்மதித்தான். நான் தோற்பேன் என்பதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

எதில் போவது

பஸ்ஸில் மூன்று படி, நடுவில் ஒரு கம்பி. ரயில் ஏற ஏணி தேவை. ஆட்டோவில் நான் ஏறலாம், நாற்காலி ஏறாது. காரில் நாற்காலியை மடக்கினால் பேட்டரி கோபித்துக்கொள்ளும். ஊர் முழுக்க விசாரித்துவிட்டேன். சாய்தளம் உள்ள ஒரே வாகனம் ஆடு ஏற்றும் குட்டியானைதான்.

ஆட்டை ஏன் தூக்கி ஏற்றுவதில்லை என்று மாசானம் அண்ணனிடம் கேட்டேன்.

"தூக்குனா பயந்துரும் தங்கச்சி. கத்தும். ஒதைக்கும். அதுக்கும் ஒரு ரோசம் இருக்குல்லா?"

நான் அவரை அங்கேயே என் சாரதியாக நியமித்தேன்.

முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. நாற்காலியில் வெளியே போகிற பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விரதம் இது. ஊரில் எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று எல்லோரும் தேடுவார்கள். தண்ணீரை எங்கே விடுவது என்று நாங்கள் தேடுவோம்.

காலையில் அண்ணன் வழக்கம்போல என்னைத் தூக்கிக்கொண்டு வாசலின் இரண்டு படியும் இறங்கி நாற்காலியில் உட்கார வைத்தான். நாற்காலி எப்போதும் வெளியேதான் தூங்கும், சாக்குப் போர்த்திக்கொண்டு. ஜன்னல் வழியாக ஒரு ஒயர் போய் அதற்குச் சாப்பாடு போடும். வீட்டுக்குள் நான் தரையோடு தரையாகத் தவழ்வேன். அந்தப் படிகள் பழையவை அல்ல. ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து மழைத்தண்ணீர் உள்ளே வந்ததால், அண்ணன் தரையை உயர்த்திக் கட்டினான். கொத்தனாரோடு சேர்ந்து தானும் சாந்து குழைத்தான்.

எதிர்வீட்டுத் தெலுங்குக்காரப் பெரியம்மா, "ஜாக்ரத்தம்மா" என்றாள். கிடாவைப் பார்த்து அதற்கும் ஒரு "ஜாக்ரத்த" சொன்னாள்.

மதினியின் உளவுத்துறை

மாசானம் அண்ணன் ஆட்டுக் கயிற்றால் நாற்காலியை வண்டியின் கம்பியோடு கட்டினார். கயிற்றைத் தொட்டாரே தவிர என்னைத் தொடவில்லை. கிடா ஒரு நேர்த்திக்கடனுக்குப் போகிறது என்றார். அதற்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

நெடுஞ்சாலைக் காற்று என் துப்பட்டாவைக் கொடியாக்கியது. கொடியின் நுனியைக் கிடா தின்றது. மில் கேட்டுகள் போயின, தென்னந்தோப்புகள் போயின, எங்களைப் பார்த்து ஒரு பள்ளிக்கூட வேன் முழுவதும் கையாட்டியது. போன் அடித்தது.

"ஏட்டி எஸ்தரு, மில் கேட்டத் தாண்டிட்டியாமே?"

"யாரு சொன்னா மதினி?"

"கேட்டுல இருக்க எங்க சித்தப்பா மகன். ஆடு ஒந்துப்பட்டாவத் திங்குதாம். இழுத்துச் சொருகு."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

"ரயில்வே கேட்டுல நிக்கியளாமே? வாட்டர் பாட்டில் குடுக்க வந்த ஆள வேண்டாம்னுட்டியாமே? குடிக்காம மயங்கி விழுந்தா நாலு பேரு தூக்கத்தான செய்வான்?"

எங்கள் மதினிக்கு வழியெங்கும் சொந்தம். அரசாங்கம் இவளைக் கலந்து ஆலோசித்தால் நாட்டில் ஒரு ரகசியம் மிஞ்சாது.

தேர் வருகிற ஊர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கிடாவை அதன் விதியிடம் ஒப்படைத்துவிட்டு, பஜாரில் என்னை இறக்கினார் மாசானம் அண்ணன். கதவில் ஏறுவதற்குத் தைரியம் வேண்டும். இறங்குவதற்கு விசுவாசம் வேண்டும். பின்னோக்கி, கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன்.

இந்த ஊரில் ஆண்டாளின் தேர் ஓடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மலை நகர்ந்து வருவது போல இருக்கும். அது வருவதற்கு முன்னால் பள்ளம் நிரப்புவார்கள், மேட்டைச் செதுக்குவார்கள், குறுக்கே போகும் கம்பியை அவிழ்ப்பார்கள், கடைக்கு முன் நீட்டிய தகரத்தைக் கழற்றுவார்கள். ஒரு சக்கரத்துக்காக ஒரு ஊர் என்னென்ன செய்யும் என்பது இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். என் சக்கரம் கொஞ்சம் சின்னதாகப் போய்விட்டது.

ரதவீதியில் பைக், பைக்குக்குப் பின்னால் கரும்புச்சாறு, அதற்குப் பின்னால் திறந்த சாக்கடை. கடைக்கு முன்னால் போய் நிற்பதற்கே ஒரு பாட்டம் வேர்த்துவிட்டது. கடைக்கு மூன்று படி. உள்ளே மின்விசிறிக்குக் கீழே பால்கோவா வெதுவெதுப்பாக, பழுப்பாக, மணமாக இருந்தது. கூட்டத்தில் என் குரல் எட்டவில்லை. போர்டில் இருந்த நம்பருக்கு அடித்தேன். கல்லாவில் இருந்தவர் எடுத்தார்.

"பால்கோவா கால் கிலோ வேணும்."

"எந்த ஊருக்கும்மா அனுப்பணும்?"

"ஒங்க வாசலுக்கு."

அவர் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்துவிட்டு, போனிலேயே, "வாங்கம்மா வாங்கம்மா, உள்ள வந்து ருசி பாருங்க" என்றார். பிறகு நான் பயந்தது நடந்தது.

"ஏலே! நாலு பேரு போங்கலே!"

வந்தார்கள். கிண்டிய கை ஈரம் காயாமல் இரண்டு பேர், பார்சல் கட்டுகிறவர் ஒருவர், பால்கோவா வாங்க வந்த வழிப்போக்கர் ஒருவர். நாற்காலியின் நான்கு மூலையிலும் குனிந்தார்கள்.

"தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பஜார் நின்றது.

"விழுந்துர மாட்டியக்கா, நாங்க கோயில் சப்பரமே தூக்குறவங்க" என்றார் பார்சல்காரர், மனம் நொந்து.

"நான் சப்பரம் இல்லைய்யா. என்னத் தொட்டா எனக்கு வேலை போயிரும்!"

அப்போதுதான் மாசானம் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கைகள் இன்னும் பின்னால்தான்.

"தள்ளுங்கப்பா. தொடக் கூடாது. சத்தியம் இருக்கு."

சத்தியம் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இருக்கும் மரியாதை சட்டத்துக்குக் கிடையாது. நான்கு பேரும் நெருப்பைத் தொட்டவர்கள் போல விலகினார்கள். "என்ன நேர்த்தியோ" என்று ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கல்லாக்காரரே இறங்கி வந்து, சின்னக் காகிதத்தில் ஒரு உருண்டை வைத்து, என் விரல் படாதபடி அதன் ஓரத்தைப் பிடித்து நீட்டினார். கால் கிலோ பெட்டியையும் விரல் படாமல் மடியில் இறக்கினார்.

பெட்டியின் மேல் "கைபடாமல் தயாரித்தது" என்று அச்சடித்திருந்தது. என்னைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

முழுகிய படிகள்

செல்லையா அண்ணாச்சியின் அச்சகத்துக்குப் படியே இல்லை. ஒரு காலத்தில் இருந்ததாம்.

"ரோடு போட வரும்போதெல்லாம் எல்லாரும் படியக் கூட்டிக் கட்டுனாங்க. நான் சோம்பேறி, விட்டுட்டேன். ஒவ்வொண்ணா முழுகிருச்சு" என்றார். "மழை பேஞ்சா மட்டும் உள்ள செத்த நேரம் மீன் பிடிக்கலாம்."

நான் உள்ளே போனேன்.

எழுதுவதற்கு அவ்வளவுதான் இருக்கிறது. வெளியே இருந்தேன், பிறகு உள்ளே இருந்தேன். நடுவில் ஆகாயம் தெரியவில்லை, அக்குள் தெரியவில்லை. மை வாசம் வந்தது. நீங்கள் தினமும் பத்து வாசலில் இப்படித்தான் போய் வருகிறீர்கள் என்று நினைத்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

அண்ணாச்சி அச்சுக்குப் போகவிருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கையில் கொடுத்தார். மாப்பிள்ளையின் தாத்தா, சித்தப்பாக்கள், துபாயில் இருக்கும் மச்சான் எல்லோர் பெயரும் இருந்தது.

"பொண்ணு பேரு எங்க அண்ணாச்சி?"

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். இறக்கிப் பார்த்தார்.

"ஆத்தாடி. நீ திங்கக்கிழமையே வந்துரு தாயி."

தயங்கிவிட்டுக் கேட்டேன். "கக்கூஸ் எங்க இருக்கு?"

"பின்னாடி. ஒரு படி உண்டு. உடைச்சிரச் சொல்லுதேன். என் வீட்டுக்காரிக்கும் மூட்டுவலி, வந்தா ஏசுதா."

கடைசிப் படி

பொழுது சாயும் நேரம். தெருமுனையில் வண்டி திரும்பியதும் மதினி வாசலில் நின்றாள். பின்னால் அண்ணன். கதவில் இறங்கினேன். பால்கோவாப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். எதிர்வீட்டுப் பெரியம்மா கைதட்டினாள்.

"படலயா?" என்றான் அண்ணன்.

"படல" என்றாள் மதினி. "பஜாருல நாலு பேரு வந்தானுவ, தொடல. எனக்கு அப்பவே போன் வந்துருச்சு."

அண்ணன் வழக்கம்போலப் படியிறங்கி, குனிந்து, இரண்டு கைகளையும் என் முழங்காலுக்கு அடியில் கொண்டுவந்தான்.

"தொடாதண்ணே."

கைகள் அந்தரத்தில் நின்றன.

"வீட்டுக்குள்ள போனாத்தான் போய்ட்டு வந்ததா அர்த்தம்" என்றேன். "நீ தூக்குனா நான் தோத்துருவேன்."

"வீடு கணக்குல வராதுட்டீ. நான் ஒன் அண்ணன்."

"ஏன் வராது?" என்றாள் மதினி. "ஊரான் கையெல்லாம் கை, ஒங்க கை மட்டும் என்ன கரண்டியா?"

"அப்பக் காலைலயே தோத்துட்டா. நான்தான இறக்கி விட்டேன்?"

"அது பந்தயத்துக்கு முந்தி. வண்டியில ஏறுன பொறவுதான் பந்தயம்."

தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கொசு வந்தது. நான் பெட்டியைத் திறந்து பெரியம்மாவுக்குக் கொஞ்சம், மாசானம் அண்ணனுக்குக் கொஞ்சம் என்று நடுத்தெருவில் பால்கோவா விளம்பத் தொடங்கினேன். என்னைத் தூக்கினால் அண்ணன் ஜெயிப்பான். எட்டும் தூரத்தில்தான் நின்றான். தூக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் அந்த இரண்டு படிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குழைத்த சாந்து.

"நான் தூக்காட்டி அப்ப நான் எதுக்கு?" என்றான் திடீரென்று, யாரையும் பார்க்காமல்.

மதினிதான், "நாளைக்கு மீன் வாங்க ஆள் வேணும்" என்றாள்.

அண்ணன் வண்டிக்குப் போனான். பின்தட்டில் சாய்ந்திருந்த கதவை இரண்டு கையாலும் பிடித்தான். மாசானம் அண்ணன் உதவிக்கு வந்தபோது, "நீ விடு" என்றான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, அதை இழுத்துவந்து அந்த இரண்டு படியின் மேல் சாய்த்துப் போட்டான். காலால் மிதித்து ஆட்டம் பார்த்தான். பிறகு தள்ளி நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

தடக், தடக், தடக்.

நாற்காலி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

"நில்லுட்டீ!" என்று கத்தினாள் மதினி. "சக்கரத்துல ஆட்டுப் புழுக்கை!"

அந்தக் கதவு அன்றைக்கு எங்கள் வாசலிலேயே தங்கிவிட்டது. கொத்தனார் வருகிற வரைக்கும் இருக்கட்டும் என்று மாசானம் அண்ணன் விட்டுவிட்டுப் போனார். மறுநாள் தளவாய்புரத்துக்கு ஆடு ஏற்றப் போனவர், கதவில்லாமல் ஒவ்வோர் ஆட்டையும் கையால் தூக்கித்தான் வண்டியில் வைத்தாராம். என்னை வேலைக்கு ஏற்றிப்போக வந்த காலையில், ஒதை வாங்கிய கையைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"கத்துன கத்துல ஊரே கூடிருச்சு தங்கச்சி. இம்புட்டுக்கும் ஒண்ணையும் கீழ போடல. மெல்லத்தான் தூக்குனேன். ரோசம் இருக்கும்னு தெரியும், ஆனா அந்தக் கத்து என்னத்துக்குன்னுதான் தெரியல."

எனக்குத் தெரிந்தது. ஆனால் அன்று திங்கட்கிழமை. எனக்கு நேரமாகிவிட்டது.